விலகிப் போனவரைப் பணிநீக்கம் செய்ய முடியுமா?

ஐசிஐசிஐ வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாக அதிகாரி சந்தா கோச்சர் தன் பணிநீக்கத்தை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தள்ளுபடி செய்ததிலிருந்து, ‘நன்றாக வேண்டும்’ என்று மகிழ்கிறவர்களைப் பார்த்து மனம் கசந்துபோயிருக்கிறது. வங்கிக் கடன் கொடுத்ததில் அவர் தவறு செய்தாரா இல்லையா என்பதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதற்கான விசாரணைகள் தனி. நான் கேட்பது ஒன்றுதான்: வேலையை விட்டுப் போய்விட்டவரை அதன்பிறகு எப்படி வேலையிலிருந்து நீக்க முடியும்?

2018 அக்டோபர் 4 அன்று, முன்கூட்டியே ஓய்வு பெற அவர் விடுத்த வேண்டுகோளை ஐசிஐசிஐ வங்கியின் இயக்குநர் குழு ஏற்றது. அது உடனே நடைமுறைக்கு வருவதாகவும் அறிவித்து, சந்தீப் பக்‌ஷியை அந்தப் பொறுப்பில் அமர்த்தியது. நான்கு மாதம் முடியும் தறுவாயில், 2019 ஜனவரி 30 அன்று, வங்கி விசாரணைக்கு அமர்த்திய ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் அறிக்கை கைக்கு வந்தபின், அந்த விலகலையே பணிநீக்கமாகக் கருதுவதாகச் சொல்லி, 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸையும் திருப்பிக் கேட்டது. வங்கியின் தலைமை அதிகாரியை நீக்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35பி பிரிவு. அனுமதி வந்ததோ மார்ச் மாதம். பின்னால் வருவதை எந்தத் தமிழில் முன் அனுமதி என்று சொல்வது? ஆனால் பம்பாய் உயர் நீதிமன்றம், இது தனியார் வங்கிக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறு, பொதுவாக அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடப்படும் ரிட் மனுவில் தீர்க்க முடியாது என்று 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977 ஆகஸ்ட் 1 முதல் பதவி விலகுவதாக மே மாதமே கடிதம் கொடுத்து, ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த நாள் வராததால் விலகல் முழுமை பெறவில்லை, ஆகவே திரும்பப் பெற்றது செல்லும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியென்றால் நாள் வந்து, விலகல் நடந்து முடிந்துவிட்டால், கடிதம் கொடுத்தவராலேயே அதை மாற்ற முடியாது. கொடுத்தவருக்கு இல்லாத உரிமை வாங்கிக்கொண்டவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

எனக்கு இது வெறும் சட்ட வாதம் அல்ல. பதினோரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் உழைத்த ஒரு நிறுவனத்திலிருந்து, நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை பார்த்து, ரிலீவிங் ஆர்டர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நான். மூன்று மாதம் கழித்து, ஒழுங்கீனத்துக்காக நான் நீக்கப்பட்டதாக ஒரு பதிவுத் தபால் வந்தது. பணிக்கொடையை நிறுத்தினார்கள். புதிய இடத்தில் சேர்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, ‘நீங்களாக விலகியதாகச் சொன்னீர்களே’ என்று கேட்டார்கள். இரண்டு காகிதங்களையும் மேசைமேல் வைத்துவிட்டு, பேச நா எழாமல் நின்றேன். அன்று பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

‘கோடிகளில் சம்பளம் வாங்கியவரும் நீங்களும் ஒன்றா?’ என்பீர்கள். ஒன்றில்லை. அவருக்கு மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அவருக்கே இந்தக் கதி என்றால், பணிக்கொடைக்காகத் தொழிலாளர் அலுவலகப் படி ஏறுகிறவர் எங்கே போவார்? ‘விசாரணை தொடரும், சில பலன்கள் அதன் முடிவுக்கு உட்பட்டவை என்று வங்கி அன்றே சொன்னதே’ என்பதும் உண்மைதான். பலன்களை நிறுத்துங்கள், பணத்தைக் கேட்டு வழக்குப் போடுங்கள், குற்றம் நிரூபணமானால் தண்டியுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்காக நடந்துவிட்ட விலகலுக்கு வேறு பெயர் சூட்ட வேண்டியதில்லை.

அதன்பிறகு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி என்றார்கள். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அங்கே இதற்கு மட்டுமாவது யாராவது நேராகப் பதில் சொல்ல வேண்டும்: 2018 அக்டோபர் 5 காலை, சந்தா கோச்சர் அந்த வங்கியின் ஊழியரா, இல்லையா?