ஜெயித்த புறாவைப் பத்து நாள் அடைத்தால் போதுமா?

"ஜெயித்த பந்தயப் புறாவை வாங்கிப் பத்து நாள் அடைத்து வையுங்கள், அப்புறம் அது உங்கள் வீட்டுக்கே திரும்பும்" என்று டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. பறந்து பழகிய புறா, கதவைத் திறந்ததும் பெரும்பாலும் பழைய கூட்டுக்கே போய்விடும். மாதக்கணக்கில் அடைத்தாலும் உறுதியில்லை. காசும் போச்சு, புறாவும் போச்சு.

புதியவர்கள், தானே தின்னத் தொடங்கிய நான்கைந்து வாரக் குஞ்சுகளை வாங்குவதுதான் வழக்கம். கூட்டின் முன்பலகையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பி அவை சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். பசியோடு வெளியே விட்டு, தீவன டப்பாவைக் குலுக்கி உள்ளே கூப்பிடுங்கள். அது பழகிய பிறகே பைன்டவுன், ஹில்கிரெஸ்ட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எனக் கொண்டுபோய்ப் பறக்க விட்டு, தூரத்தைக் கூட்டலாம். ஜெயித்த புறாவை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, அதை வெளியே விடாமல் வைத்து, அதன் குஞ்சுகளைப் பறக்க விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் தென்னாப்பிரிக்காவில் நடந்த மில்லியன் டாலர் புறாப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாட்டுப் புறாக்கள் ஒரே கூட்டுக்குத் திரும்ப வேண்டிய பந்தயம் அது. அதனால்தான் அதில் இளம் புறாக்களைச் சேர்த்தார்கள். குஞ்சு என்று சொல்லி யாராவது விற்றால் கால் வளையத்தில் உள்ள ஆண்டைப் பாருங்கள். பொரித்த ஒரு வாரம், பத்து நாளில் போடுகிற வளையம் அது. பிறகு காலில் நுழையாது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.