ஓரியோவுக்கு எட்டுக் கால்

(நியூ ஜெர்சியில் எடிசன். அக்டோபர் கடைசி சனிக்கிழமை. மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமனார், தஞ்சாவூர்ப் பக்கம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பயமுறுத்தும் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் பண்டிகையைக் கொண்டாட நாலு மணிக்குக் குட்டியின் தோழிகள் வருகிறார்கள், மனைவி வேலையில், சமையலறையில் மாப்பிள்ளை தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறார். குட்டிக்கு நாலு வயது. பெரும்பாலும் மேஜைக்கு அடியில்தான் வாசம்.)

மாமனார்: மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கக் கூடாது. இது என்ன?

மாப்பிள்ளை: சிலந்தி மாமா. ஓரியோ பிஸ்கட் உடம்பு, பிரெட்ஸல் என்கிற மொறுமொறு உப்புக் குச்சி கால். பிஸ்கட்டைத் திருகித் திறந்து, கிரீம் மேல் இந்தப் பக்கம் நாலு அந்தப் பக்கம் நாலு குச்சி வைத்து மூடி அழுத்தணும், அப்புறம் உருக்கின சாக்லேட்டைத் தொட்டு ரெண்டு சர்க்கரைக் கண். அவ்வளவுதான்.

மாமனார்: நல்லாத்தான் இருக்கு. ஆனால் சிலந்திக்கு உடம்பு ரெண்டு பாகம். தலையும் மார்பும் சேர்ந்தது முன்னால், வயிறு பின்னால். எட்டுக் காலும் முன் பாகத்தில்தான் முளைக்கும். நீங்கள் வயிற்றில் அல்லவா கால் வைத்திருக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: இது முன் பாகம்தான் மாமா. வயிற்றைக் குட்டி சாப்பிட்டுவிட்டாள்.

மாமனார்: அந்தச் சின்ன ஓரியோ பாக்கெட் இருக்கே, அதில் ஒன்றை முன்னால் ஒட்டி, கால்களை அதில் சொருகினால்... (நறுக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் மௌனம். மெல்லும் ஓசை.)

மாப்பிள்ளை: மாமா, உங்களுக்குச் சர்க்கரை.

மாமனார்: இது ஆராய்ச்சி மாப்பிள்ளை. எட்டுக் குச்சியை அது தாங்கவில்லை. சரி, உங்கள் முறையே இருக்கட்டும். கண் மட்டும் எட்டாக்கிவிடுங்கள், முக்கால்வாசிச் சிலந்திக்கு எட்டுக் கண்.

மாப்பிள்ளை: பிஸ்கட்டுக்கு எட்டுக் கண் ஒட்டினால் மூணாவது பிஸ்கட்டிலேயே பாக்கெட் காலி.

மாமனார்: ம்ம்... குதிக்கும் சிலந்திக்கு முன்னால் இருக்கிற ரெண்டு கண் பெரிசா இருக்கும். மீதி ஆறு நமக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளைப் பஞ்சு எதற்கு?

மாப்பிள்ளை: மார்ஷ்மெல்லோ. உருக்கி, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு இழுத்தால் நூல் நூலாக வரும், பிரௌனி கேக் மேல் போர்த்தினால் அப்படியே சிலந்தி வலை.

மாமனார்: எதில் செய்கிறார்கள்?

மாப்பிள்ளை: சர்க்கரை, அப்புறம் ஜெலட்டின்.

மாமனார்: ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. உங்கள் மாமியார் காதில் விழுந்தால் இந்தப் பாத்திரம் எல்லாம் தோட்டத்துக்குப் போகும்.

மாப்பிள்ளை: (மூடியைச் சத்தமில்லாமல் மூடி) வெள்ளைச் சாக்லேட்டை வட்டத்துக்குள் வட்டமாக ஊற்றி, ஆறுவதற்குள் பல்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாலும் வலை வரும். அதையே செய்துவிடலாம். மாமா, நீங்கள் குட்டியை வைத்துக் காகிதத் தட்டு வேலையைப் பாருங்களேன். ஓரத்தில் சுற்றி ஓட்டை போட்டிருக்கிறேன், வெள்ளைக் கம்பளி நூலை எப்படி வேண்டுமானாலும் கோக்கலாம்.

மாமனார்: எப்படி வேண்டுமானாலுமா? முதலில் நடுவிலிருந்து ஆரக்கால் போல இழை, அப்புறம்தான் சுருள். சுருள்தான் ஒட்டும், ஆரம் ஒட்டாது, சிலந்தி நடக்கிற வழி அது. குட்டி, கோந்தைச் சுருளில் மட்டும் தடவு கண்ணு. சுருளில். அது உன் சட்டை.

மாப்பிள்ளை: சின்னப் பிள்ளை மாமா.

மாமனார்: சின்ன வயதில்தான் பதியும். அடுத்து?

மாப்பிள்ளை: கை அச்சு. உள்ளங்கையில் கறுப்புச் சாயம் தடவி, கட்டைவிரலை மடக்கி, ரெண்டு கையையும் எதிரும் புதிருமாக ஒன்றின்மேல் ஒன்று பதித்தால் நாலும் நாலும் எட்டுக் கால். நேரமாகிவிடும் என்று இதை மட்டும் நேற்றே முடித்துவிட்டோம், ஃபிரிட்ஜ் கதவில் பாருங்கள்.

மாமனார்: (போய்ப் பார்த்துவிட்டு, துக்க வீட்டுக் குரலில்) மாப்பிள்ளை, கட்டைவிரலும் பதிந்திருக்கிறது. பத்துக் கால். இது நண்டு.

மாப்பிள்ளை: நண்டும் பயமாகத்தானே இருக்கும் மாமா.

மாமனார்: தட்டில் இருந்த சிலந்திக்கும் ஆறு கால்தான் இருக்கு இப்போது.

மாப்பிள்ளை: குட்டி! காலைக் கடிக்காதே!

மாமனார்: ஆறு என்றால் பூச்சி. இன்னும் ரெண்டு போனால் நாலுகால் பிராணி. இந்தக் குழந்தை ஒரே பிஸ்கட்டில் மொத்தப் பாடத்தையும் முடித்துவிடும் போலிருக்கே.

மாப்பிள்ளை: வாசல் புதரில் பஞ்சு வலை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

மாமனார்: வெளியே வேண்டாம் மாப்பிள்ளை, அதில் குருவி காலைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் ஜன்னலில் போடுங்கள். 31ஆம் தேதி வாசலில் மிட்டாய் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி, சிலந்திக்குக் கால் எத்தனை, சரியாகச் சொன்னால் ரெண்டு மிட்டாய்.

மாப்பிள்ளை: மாமா, இங்கே அவர்கள்தான் மிரட்டுவார்கள், நாம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தணும். சிவப்பும் நீலமுமாகச் சிலந்தி வேஷம் போட்டுக்கொண்டு தெருவுக்கு நாலு பையன் வருவான், அவனையுமா கேட்பீர்கள்?

மாமனார்: மணிக்கட்டிலிருந்து நூல் விடுகிறவன்தானே? அவனிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கு. சிலந்திக்கு நூல் வயிற்றின் பின்முனையிலிருந்து அல்லவா வரும்.

மாப்பிள்ளை: தயவுசெய்து வேண்டாம் மாமா. செய்து காட்டச் சொன்னால் அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?