தேய்ந்த காவல்துறை ரிவால்வருக்குப் புது நீலம் ஏற்றலாமா?

சென்ற வாரம் நண்பர் ஒருவர், தான் புதிதாக வாங்கிய பழைய ரிவால்வரின் படங்களை அனுப்பியிருந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10, நான்கு அங்குலக் குழல், சீரியல் எண் சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஆகவே 1948க்கும் 1967க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. குழலின் நுனியிலும் சிலிண்டரின் விளிம்புகளிலும் நீலம் எனப்படும் கருநீல மெருகு முற்றிலும் போய் எஃகு வெளுத்துத் தெரிந்தது. பிடியின் பின்பக்கத்தில் ஓர் அமெரிக்க நகரக் காவல்துறையின் பெயர்ச்சுருக்கமும் அதன் கீழே ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. இதைப் பட்டறையில் கொடுத்துப் புதிதாக நீலமேற்றிவிடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டேன். காரணம் சொல்லாமல் அப்படி அனுப்பியது உறுத்திக்கொண்டே இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

துப்பாக்கியின் நீலத்தைப் பலர் ஒரு பூச்சு என்றே எண்ணுகிறார்கள். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பூசினால் பொருள் முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிடும் என்பது அந்த எண்ணத்தின் தொடர்ச்சி. ஆனால் அந்த நீலம் எஃகின் மேற்பரப்பே மாறி உருவான கறுப்பு இரும்பு ஆக்சைடு. மிக மிக மெல்லிய படலம். கீழே இருக்கும் உலோகம் எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறதோ அவ்வளவுதான் நீலமும் மிளிரும். எனவே புதிதாக நீலமேற்ற வேண்டுமென்றால் முதலில் கீறல்களும் பள்ளங்களும் மறையும் வரை உலோகத்தையே தேய்த்து எடுக்க வேண்டும். நாம் முடிவு செய்வது நிறத்தைப் பற்றியல்ல, எவ்வளவு எஃகை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதைப் பற்றி. தேய்த்து எடுத்த எஃகை எந்தப் பட்டறையும் திரும்பத் தராது.

காவல்துறை ரிவால்வர்களுக்கு மட்டுமே உரிய ஒரு தேய்மானம் உண்டு. 1899இல் மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற பெயரில் வெளிவந்து 1957இல் மாடல் 10 என்று எண் பெற்ற அந்தத் துப்பாக்கி, அறுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1927 முதல் 1969 வரை கோல்ட் நிறுவனம் செய்த அஃபிஷியல் போலீஸும் அதே பணிக்காக உருவானதுதான். இவை பல்லாண்டுகள் தோல் உறையில் இடுப்பில் தொங்கின, மழையில் நனைந்தன, காரின் கதவிலும் இருக்கையிலும் உரசின. ஆனால் பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில முறை தகுதித் தேர்வில் சுட்டதைத் தவிர அதிகம் சுடப்படவில்லை. வெளியே வெளுத்தும் உள்ளே இறுக்கமாகவும் இவை நம் கைக்கு வருவதற்கு அதுவே காரணம். உறையின் வாயில் உரசிய இடம் குழலின் நுனியில் தெரியும். உள்ளங்கையின் வியர்வை பிடியின் பின்பட்டையைச் சாம்பல் நிறமாக்கியிருக்கும். 1980களிலும் 90களிலும் துறைகள் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறியபோது இவை மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. நியூயார்க் நகரக் காவல்துறை அந்த மாற்றத்தைத் தொடங்கியது 1993இல். ஒரு தொழிலின் ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கத்தை அந்த வெளுத்த விளிம்புகள் தாங்கி நிற்கின்றன. அவற்றை அழுக்கு என்று கருத என்னால் முடியவில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மிலிட்டரி அண்ட் போலீஸ் ஒன்றை ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடிபோல் பளபளத்தது. முதல் நாள் முழுவதும் மகிழ்ச்சியாகவே இருந்தேன். இரண்டாம் நாள் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், குழலில் இருந்த எழுத்துகளின் ஓரங்கள் கரைந்து, சில எழுத்துகளின் கால்கள் காணாமலே போயிருந்ததைக் கண்டேன். திருகாணித் துளைகளைச் சுற்றி உலோகம் சிறு கிண்ணம்போல் குழிந்திருந்தது. ஆலையில், உள்ளுறுப்புகளை மூடும் பக்கத்தகட்டைத் துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு பொருத்தி இரண்டையும் ஒன்றாக மெருகேற்றுவார்கள். அதனால் இரண்டுக்கும் இடையிலான கோடு கண்ணுக்கே தெரியாது. என் துப்பாக்கியில் அந்தக் கோடு பிளவுபோல் விழித்துக்கொண்டிருந்தது. மென்மையான துணிச்சக்கரம் சமதளங்களை உருட்டிவிடும், துளைகளைக் குழித்துவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நிறமும் பொருந்தவில்லை. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நீலம், எரிவாயு உலையில் எலும்புக்கரியோடும் கார்போனியா என்ற தனிவகை எண்ணெயோடும் சூடேற்றிப் பெறப்பட்டது. இன்று பெரும்பாலான பட்டறைகளில் இருப்பது காரச்சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த, ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் கொதிக்கும் தொட்டி. அதுவும் நல்ல நீலம்தான், ஆனால் அந்த நீலம் அல்ல. அந்தத் துப்பாக்கியை இன்றும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

எல்லாத் துப்பாக்கிகளுக்கும் இதுவே விதி என்று நான் சொல்லவில்லை. தேய்மானம் வேறு, அரிப்பு வேறு. துரு குழி குழியாகத் தின்றுவிட்ட துப்பாக்கியில் காப்பாற்ற ஆலை மெருகு எதுவும் மிஞ்சியிருக்காது. முன்பே யாரோ மோசமாக மெருகேற்றிய துப்பாக்கியும் அப்படித்தான். இத்தகையவற்றுக்கு, தேர்ந்த ஒருவரிடம், மிகக் குறைவாகத் தேய்த்து நீலமேற்றச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்படித்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஹேமரும் (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தி) ட்ரிகரும் (விரலால் இழுக்கும் விசை) வழக்கமாகப் பல வண்ணக் கலவையாய் மேற்புறம் கடினமாக்கப்பட்டவை. அவை நீலமாகவோ நிக்கலாகவோ இருந்தால் பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். பிடியின் அடியில் சீரியல் எண்ணின் அருகே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அது ஆலைக்கே திரும்பிச் சென்று சீரமைக்கப்பட்டது என்று பொருள். மரப்பிடியைக் கழற்றினால் அந்தத் தேதியும் பொறித்திருக்கக்கூடும். இவற்றைவிட உறுதியான வழி, ஆவணக் கடிதம் கேட்டு எழுதுவது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் கோல்ட்டுக்கும் அத்தகைய சேவை உண்டு. ஆலையிலிருந்து எந்த நாள், எந்த மெருகோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்பது பல வேளைகளில் அதில் கிடைத்துவிடும். பட்டறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்தச் சிறு தொகையைச் செலவிடுங்கள்.

மிலிட்டரி அண்ட் போலீஸின் போர்க்கால வடிவமான விக்டரி மாடலைப் பற்றித் தனியாக ஒரு சொல். 1942 முதல் 1945 வரை வி என்ற முன்னெழுத்தோடு வந்த அவற்றின் மங்கிய சாம்பல் பாஸ்பேட் மேற்பரப்பைத் தேய்ந்த நீலம் என்று தவறாக எண்ணிப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். அவை பிறந்ததே அந்த நிறத்தில்தான். போருக்குப் பின் ஜெர்மனியின் பவேரியக் காவலர்களிடம் சென்ற விக்டரிகளில் அந்தத் துறையின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை சக்கரத்தில் வைத்தால் அந்த வரலாற்றுச் சான்றும் போய்விடும்.

அப்படியானால் சிவந்த துருவோடு அப்படியே விட்டுவிடுவதா? கூடாது. துரு ஓயாது தின்னும். அதை நிறுத்தியே ஆக வேண்டும். உலோகத்தை இழக்காமல் நிறுத்த வழி இருக்கிறது. மரப்பிடிகளை நீக்கி, பாகங்களைப் பிரித்து, எண்ணெய்ப் பசை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் சிறிது நேரம் கொதிக்கவிட்டால், சிவந்த துரு கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். பழங்காலத் துரு நீலமேற்றும் முறையின் அடிப்படையே இதுதான். பிறகு மேலே உதிரும் கரியை மென்மையாகத் துடைத்து, ஈரத்தை முழுவதும் போக்கி, எண்ணெயிட்டு, நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். அருங்காட்சியகங்களில் பரவலாகப் பயன்படும் ரெனசான்ஸ் மெழுகு 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவானது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். எக்காரணம் கொண்டும் தோல் உறைக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதைப் பதனிடப் பயன்பட்ட வேதிப்பொருள்கள் எஃகை அரிக்கும்.

செலவிடப் பணம் இருந்தால் முதலில் உள்ளே செலவிடுங்கள். ஹேமர் பின்வாங்கி முடிவதற்குள் சிலிண்டர் சரியான இடத்தில் பூட்டிக்கொள்கிறதா, முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய கோல்ட்டுகளில் இந்த ஒத்திசைவு தேய்ந்து தாமதமாவது வழக்கம். அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கீழே விழுந்தாலும் ஹேமர் தோட்டாவைத் தட்டாமல் தடுக்கும், ஹேமர் தடுப்பு என்ற சிறு எஃகுத் துண்டு உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். போரின் இறுதிக் கட்டத்தில் கப்பல் தளத்தில் கைதவறி விழுந்த விக்டரி ஒன்று வெடித்து மாலுமி ஒருவர் இறந்த பிறகு, அந்தத் தடுப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டது. நீலமேற்றுவதற்காகப் பிரித்தவர் அதை மீண்டும் பொருத்த மறந்திருந்தால், வெளியே எவ்வளவு அழகு இருந்து என்ன பயன்?

என் பொருள், என் விருப்பம் என்று ஒருவர் சொன்னால் அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாத ஒன்று மட்டும் உண்டு: சீரியல் எண்ணைத் தொடக்கூடாது. அதை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். தேய்க்கும் சக்கரத்துக்கு அது தெரியாது. விலையைப் பற்றிப் பேசுபவர்களுக்கும் கணக்கு சாதகமாக இல்லை. சாதாரண மாடல் 10 ஒன்றுக்கு நல்ல பட்டறையின் கூலி அந்தத் துப்பாக்கியின் விலையையே எட்டிவிடக்கூடும், அதன் பிறகும் அது மெருகு மாற்றப்பட்ட துப்பாக்கி என்றே மதிப்பிடப்படும்.

என்னிடம் நிக்கல் முலாமிட்ட கோல்ட் போலீஸ் பாசிட்டிவ் ரிவால்வர் ஒன்று இருக்கிறது. குழலின் இடப்பக்கத்தில் முலாம் செதில் செதிலாக உரிகிறது. முலாம் முழுவதையும் உரித்து நீலமேற்றும் ஆசை பலமுறை வந்தது. இப்போது உரிந்த ஓரங்களில் மெழுகு தடவி வைத்திருக்கிறேன். சில முலாம்களின் அடியில் செம்புப் படலம் இருக்கும் என்பதால், அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்தை அதன் அருகே கொண்டுசெல்வதில்லை. நிக்கல் ஆலையிலேயே ஏற்றப்பட்டதுதானா என்று கேட்டுக் கோல்ட் ஆவணக் கடிதத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது வரும் வரை அதன் மேல் கைவைக்கப் போவதில்லை.