‘ஆதன்’ புதிதாக வந்த பெயரா?

மகனுக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்கலாமா என்ற கேள்விக்கு, “அது ஆதாம் என்பதைத் தமிழ்ப்படுத்திய புதுப்பெயர்” என்று ஒரு பதில் இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். ஒலி ஒத்துப்போவதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆதன் சங்க காலத்திலேயே தமிழ்நாட்டில் புழங்கிய ஆண்பெயர்.

சந்தேகம் இருந்தால் சங்க நூலான ஐங்குறுநூற்றின் முதல் பத்தை, வேட்கைப்பத்தை, எடுத்துப் பாருங்கள். பத்துப் பாட்டும் “வாழி ஆதன் வாழி அவினி” என்றே தொடங்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளியில் படித்த நெடுஞ்சேரலாதனைப் பிரித்தாலும் சேரல், ஆதன்தான்.

பாட்டு போதாது, கல்லில் வேண்டும் என்பவர்களுக்குக் கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. அங்குள்ள தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ என்ற சேர மன்னன் பெயர் வருகிறது. அப்புறம் கீழடி. அரசர் பெயர் மட்டும்தானே என்று கேட்க முடியாதபடி, அங்கே சாதாரணப் பானை ஓட்டிலேயே ‘ஆதன்’ என்று கீறி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் அந்த ஓடுகளின் படங்களைப் பார்க்கலாம்.

இன்று அரிதாகிவிட்ட பெயர், அவ்வளவுதான். தாராளமாக வையுங்கள்.