தோசை மாவு பறந்து வருமா?

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து நின்றான். "மாமா, ட்ரோன்ல மளிகை டெலிவரி. குரோம்பேட்டைல ஆரம்பிக்கிறோம். பத்து நிமிஷத்துல தோசை மாவு." எக்செலில் ஐந்து வருடக் கணக்கு, மூன்றாம் வருடம் லாபம். நான் பார்த்த எல்லாத் திட்டத்திலும் லாபம் மூன்றாம் வருடம்தான் வரும். என்ன ராசியோ!

"மேப்பைப் பாத்தியாடா?" என்று கேட்டேன். முழித்தான். குரோம்பேட்டையில் மொட்டைமாடி ஏறினால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தெரியும். 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. எங்கே பச்சை (தாராளமாகப் பறக்கலாம்), எங்கே மஞ்சள் (அனுமதி வேண்டும்), எங்கே சிவப்பு (மத்திய அரசு அனுமதித்தால் மட்டும்) என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடமே இருக்கிறது. பையன் ட்ரோன் விலையை நாலு இடத்தில் விசாரித்திருக்கிறான், இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, ஊரை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு அப்போதும் உதைக்கும். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ஓட்ட வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். அது இல்லாதவரை ஒரு ட்ரோனுக்கு ஒரு பைலட், அவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஆள், மாதச் சம்பளம். பைக்கில் வரும் பையனோ சொந்த வண்டியில் ஒரே நடையில் மூன்று ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அப்புறம் பேட்டரி. ஒரு பேட்டரி 30,000 ரூபாய், 300 தடவை சார்ஜ் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்குப் பேட்டரித் தேய்மானமே 100 ரூபாய். மாவு பாக்கெட் விலை என்ன?

அதைவிட எனக்குப் புரியாதது, எங்கே இறக்குவது என்பதுதான். எங்கள் அபார்ட்மென்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் துணிக்கொடி, கேபிள் ஒயர், இரண்டாவது மாடி மாமி காயவைத்த வடகம், அதற்குக் காவலாகக் கறுப்புக் குடை. மாடிச் சாவி வாட்ச்மேனிடம். ட்ரோன் வந்து கயிற்றில் பொட்டலத்தை இறக்கினாலும் வாட்ச்மேன் ஏறிப்போய் எடுத்துவந்து கதவைத் தட்ட வேண்டும். ஆக, கடைசி நாற்பது படிக்கு ஆள் வேண்டும்! காக்கையைச் சொன்னதும் பையன் சிரித்தான். 2021-ல் கான்பராவில் கூடு கட்டியிருந்த அண்டங்காக்கைகள் விங் என்ற டெலிவரி நிறுவனத்தின் ட்ரோனைத் தாக்கியதால், அந்தப் பகுதியில் டெலிவரியையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள் என்றதும் சிரிப்பு நின்றது.

"அமேசான் செய்யுதே மாமா" என்றான். ஜெஃப் பெசோஸ் 2013 டிசம்பரில் தொலைக்காட்சியில் நாலைந்து வருடத்தில் வந்துவிடும் என்றார். அமெரிக்காவில் வாடிக்கையாளர் வீடுகளுக்கு டெலிவரி தொடங்கியதே 2022 கடைசியில்தான், கலிஃபோர்னியாவில் லாக்ஃபோர்டு, டெக்சாஸில் காலேஜ் ஸ்டேஷன் என்ற இரண்டே ஊர்களில். 2024-ல் லாக்ஃபோர்டை மூடிவிட்டார்கள். காலேஜ் ஸ்டேஷனில் இரைச்சல் தாங்கவில்லை என்று ஜனங்கள் புகார் செய்தார்கள். அவ்வளவு பணம் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை.

அதற்காக ட்ரோனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ருவாண்டாவில் ஜிப்லைன் என்ற ட்ரோன் நிறுவனம் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகிறது. பாரசூட்டில் மருத்துவமனை வளாகத்தில் விழுகிறது, எடுக்க ஆள் காத்திருக்கிறார், பணம் கட்டுவது அரசு. சரக்கு எடை குறைவு, அவசரம் அதிகம், சாலை சுற்று. அங்கே கணக்கு உதைப்பதில்லை. நம் ஊரில் அப்படி இடம் இல்லையா? கொல்லிமலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. கீழே இருக்கும் லேபுக்கு ஒரு ரத்த மாதிரி போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு யார் பணம் கொடுப்பார்கள், மாதம் எத்தனை தடவை தேவைப்படும் என்று மருத்துவமனையில் போய்க் கேட்டுவிட்டு அப்புறம் எக்செலைத் திறக்கட்டும். விரலளவு குப்பி, வடகம் இல்லாத முற்றம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பையன் முகம் தொங்கிப்போயிருந்தது. அவன் அம்மா வேறு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி போன் செய்தான். "மாமா, நாமக்கல்லுக்கு டிக்கெட் போட்டுட்டேன். கொல்லிமலை மேல டவர் கிடைக்குமா? சிக்னல் போச்சுன்னா ட்ரோன் என்ன பண்ணும்னு பாக்கணும்."