பத்து நிமிஷம் உட்கார முடியாதா?

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். சித்தன்னவாசலில், விதானத்தில் (உட்கூரையில்) பழைய ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரைக் கோயிலின் வாசலில் நின்றுகொண்டு "ஏமாந்துட்டோம் மக்களே, பெட்ரோல் காசு தண்டம்" என்று ஒருவர் சிரிக்கிற வீடியோ. பெயர் சொல்ல மாட்டேன். என் புண்ணியத்தில் அவருக்கு இன்னும் நாலு பார்வை எதற்கு?

அவருடைய நிழலைக் கவனித்தீர்களா? காலடியில் சுருண்டு கிடக்கிறது. அதாவது உச்சிவெயில். புதுக்கோட்டைப் பாறை வெயில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெளிச்சத்திலிருந்து நேராக உள்ளே நுழைகிறார். இருந்தது இரண்டேகால் நிமிஷம். அதிலும் பாதி நேரம் முகம் கேமராவைப் பார்க்கிறது, விதானத்தைப் பார்க்கவில்லை. பிறகு செல்போன் டார்ச். பிறகு "ஒண்ணுமே தெரியலையே!"

தெரியாதுதான் ஐயா. வெயிலில் சுருங்கிய கண் இருட்டுக்குப் பழக ஐந்து முதல் பத்து நிமிஷம் பிடிக்கும். டார்ச்சை அடித்ததும் பழகிய கொஞ்ச நஞ்சமும் போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு, மங்கிய ஓவியத்தில் நேருக்கு நேராக வெளிச்சம் பாய்ச்சினால் சுண்ணாம்பு வெள்ளைதான் முன்னால் வந்து நிற்கும், நிறம் பின்னால் ஓடிவிடும். ஓரமாக உட்கார்ந்து, செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தால் போதும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதலில் பச்சை வரும், அது இலை. அப்புறம் செம்மஞ்சளில் மீன். குளம் மெல்ல நிரம்பும். அன்னம், யானை, எருமை, நடுவே தாமரை பறிக்கிற ஆட்கள் மூன்று பேர். தூணில் ஆடல் மகளிர். பாறையின் மேல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் சாந்து, அதன்மேல் அரை மில்லிமீட்டர் சுண்ணாம்பு. காவி, மரக்கரி, சுண்ணாம்பு என்று குழைத்துத் தீட்டிய அந்தக் குளம் மொத்தமும் மூன்று மில்லிமீட்டர் கனத்தில்தான் நிற்கிறது. விதானம் எட்டடிக்குக் கொஞ்சம் மேல். குச்சி இருந்தால் எட்டும் உயரம். எட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

போன தை மாதம் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் உள்ளே போய், "சரி, பாத்தாச்சு" என்று வெளியே வந்துவிட்டார்கள். ஒரு பாட்டிக்கு மட்டும் முழங்கால் வலி. "செத்த இருங்கடா" என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டார். படி இறங்கியவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் பாட்டி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "ஏய், தண்ணிக்குள்ள எருமை நிக்குதுடா!" போனவர்கள் திரும்பி ஓடினார்கள். பாட்டி தொல்லியல் படித்தவரில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

"ஊர்க்காரப் பாசத்தில் பொங்குகிறீர்கள், வெளியூர்க்காரன் கருத்துச் சொல்லக் கூடாதா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தாராளமாகச் சொல்லுங்கள். நிழல் போதாது, சரி. விளக்கப் பலகை போதாது, அதுவும் சரி. அதையெல்லாம் சொல்லியிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். அவர் சொன்னது அதுவா? "இங்க ஒண்ணுமே இல்ல" என்றார். வசதி இல்லை என்பது வேறு, ஊரில் ஒன்றுமே இல்லை என்பது வேறு.

"அப்ப ஏன் தமிழ்நாட்டின் அஜந்தான்னு போட்டு ஆசை காட்டுறீங்க?" இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல்தான். அஜந்தாவில் சுமார் முப்பது குகைகள். இங்கே ஒரு சின்ன கருவறை, அதன் முன்னால் ஓர் அர்த்தமண்டபம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தால் எவனுக்கும் ஏமாற்றம்தான். சித்தன்னவாசலைச் சித்தன்னவாசல் என்றே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், "பல்லவர் காலத்துக் கோயில்" என்றும் வீடியோவில் அடித்துவிட்டார். மகேந்திரவர்மன் காலத்தது என்பது பழைய கணிப்பு. வெளியே பாறையிலேயே கல்வெட்டு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்த அறிவர் கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்தான் என்று சொல்கிற கல்வெட்டு. அதில் அண்ணல்வாயில் என்று வரும் ஊர்தான் இன்றைய அன்னவாசல். அவர் அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறார்! முன்னால் தெரியும் தூண்களையும் சேர்த்து "ஆயிரம் வருஷம்" என்கிறார். அவை சமஸ்தான காலத்தில் பக்கத்துக் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை.

சரி, திட்டினால் மட்டும் போதாது, எப்படி வருவது என்றும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். காலையில் திறந்ததும் முதலில் மலைமேல் இருக்கும் சமணர் குகையான ஏழடிப்பட்டம் ஏறுங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. மழை பெய்த மறுநாள் வேண்டாம், வழுக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எதுவும் கிடைக்காது. ஏழடிப்பட்டம் என்பது பாறையில் வெட்டிய ஏழு காற்குழிகளால் வந்த பெயர். இப்போது கம்பி கட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொண்டு போகலாம். மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் அந்தக் குகையில் வழுவழுப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டிலிருந்து வந்தவருக்காகச் செய்த அதிட்டானம், அதாவது இருக்கை என்கிறது.

இறங்கியதும் அறிவர் கோயிலுக்கு ஓடாதீர்கள். அது மேற்குப் பார்த்த குடைவரை, காலையில் உள்ளே வெளிச்சம் குறைவு. நேராகக் குடுமியான்மலைக்குப் போங்கள். கோயிலுக்குப் பின்னால் பாறையில் இசைச் சுரங்களைப் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. திரும்பி அன்னவாசலில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் அறிவர் கோயில். மேற்கு வெயில் தரையில் பட்டு மேலே தெறிக்கும்போது விதானம் தானாகத் துலங்கும். டிக்கெட் வாங்கும்போதே மூடும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கருவறை நடுவில் நின்று வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் இழுத்துப் பாருங்கள். அறையே திருப்பி முனகும். அதையும் அவர் செய்யவில்லை. வாயை மூட வேண்டுமே.

நேற்று கமெண்டில் ஒரு மேதாவி எழுதியிருந்தார்: "ஏழடிப்பட்டத்துல அந்தக் காலத்து ஆளுங்களும் பேரு செதுக்கித்தானே வச்சிருக்காங்க? நாங்க எழுதினா மட்டும் குத்தமா?" இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் நினைத்தேன். அந்தப் பெயர்களையாவது படித்திருக்கிறாரா? திருநீலன், ஸ்ரீபூர்ணச்சந்திரன். அந்தப் படுக்கைகளில் தவம் கிடந்தவர்களின் பெயர்கள் என்கிறார்கள். சமணர்கள் உண்ணாமல் உயிர் விட்ட கல்லும், பைக்கில் வந்து இதயம் வரைந்து அம்பு விடுகிற கல்லும் ஒன்றா? ஒன்றுதான் என்றால் உங்களோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. ஆனால் செட்டிநாட்டுக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்துகிற மாவட்டமாகவே எங்களைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை. நிறுத்தி இறங்கிய ஒருவரும் இரண்டேகால் நிமிஷத்தில் தீர்ப்பெழுதி, அதை லட்சம் பேர் பார்த்துச் சிரித்தால் வலிக்காதா? அந்தக் குளத்தைத் தீட்டியவன் எத்தனை நாள் அண்ணாந்து நின்றிருப்பான்? கழுத்து என்ன ஆகியிருக்கும்?

இனி யாரும் அந்த வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால், முதலில் டார்ச் வெளிச்சம் விதானத்தைத் தாண்டிப் போகிற இடத்தில், 1:40இல், நிறுத்திப் பாருங்கள். அவர் தலைக்கு நேர் மேலே கையில் தாமரையோடு ஒருத்தன் நிற்கிறான். கீழே இவர் நம்மைப் பார்த்து, "ஒண்ணுமே இல்ல மக்களே" என்கிறார்.