காத்து திரும்புற வரைக்கும் உட்கார முடியாதவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை நம்ம குழு மொட்டைமாடியில படம் போட்டப்ப நடந்ததைப் பத்தி ஏற்கெனவே ஆளாளுக்கு எழுதியாச்சு, ஸ்கிரீன்ஷாட்டும் சுத்துது. அதனால யாரு, எந்த மொட்டைமாடின்னு நான் மறுபடி சொல்லப் போறதில்லை. விஷயம் இவ்வளவுதான். ஜான் வூ எடுத்த சீனப் போர்ப்படம் ‘ரெட் கிளிஃப்’, அதோட ரெண்டாம் பாகம் ஓடுது. தளபதி சோவ் யூவோட மனைவி தன்னந்தனியா எதிரி முகாமுக்குப் போய், சாவ் சாவ் முன்னாடி உட்கார்ந்து தேநீர் போடுறா. அப்பத்தான் ஒரு கை ரிமோட்டை எடுத்துச்சு. “டீயெல்லாம் கீழ கடையில குடிச்சுக்கலாம்ப்பா, சண்டைக்குப் போவோம்.” எல்லாரும் சிரிச்சாங்க. படம் பறந்துச்சு. நேரா தீ.

நான் எழுந்து வந்துட்டேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் ‘உலக சினிமா சாமியார்’. சரி, சாமியாரே பேசறேன், கேளுங்க.

ஓட்டி விட்டீங்களே, சண்டை அங்கதான் நடக்குது. அவ தேநீர் போடறது விருந்தோம்பலுக்கு இல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் அவ புருஷன் கப்பல்ல எண்ணெயும் வைக்கோலும் ஏத்திட்டு நிக்கிறான். காத்து இன்னும் எதிர்ப்பக்கமா அடிக்குது. இப்பவே சாவ் சாவ் கிளம்பிட்டா கதை முடிஞ்சது. காத்து திரும்புற வரைக்கும் அந்த ஆளை உட்கார வைக்கணும். அவகிட்ட இருக்கிற ஆயுதம் ஒரு அடுப்பு, ஒரு கோப்பை, பேச்சு. சாவ் சாவ் அவ பேச்சுல மயங்கி நிக்கிறப்ப, வெளியில கொடி மெல்ல வேற பக்கம் ஆடும். அதுக்கு அப்புறம் வர்ற தீதான் தீ. அதுக்கு முன்னாடி இருக்கறதை எல்லாம் வெட்டிட்டு தீயை மட்டும் பாக்கறதுக்கு போகிப் பண்டிகை போதுமே, படம் எதுக்கு?

கி.பி. 208, குளிர்காலம். ஹான் பேரரசு பேருக்குத்தான் இருக்கு, அதிகாரம் மொத்தமும் தலைமை அமைச்சர் சாவ் சாவ் கையில. வடக்கை முடிச்சிட்டு தெற்கே யாங்ட்சி ஆத்தங்கரைக்கு வந்து நிக்கிறார். தன்கிட்ட எட்டு லட்சம் பேர்னு பறை அடிக்கிறார். சோவ் யூ கணக்குப் போட்டு, அது ரெண்டு லட்சத்துச் சொச்சம்தான், அதுலயும் பெரும்பகுதி களைச்சவன், மீதி புதுசா சரணடைஞ்சவன்னு சொல்றார். தனக்குக் கேட்டது 30,000 பேர். போர் ஜெயிச்சது இந்தக் கணக்குல. வடக்கத்தி வீரனுக்குத் தண்ணி ஒத்துக்காது, வாந்தி எடுப்பான். முகாம்ல நோய் வேற. ஆட்டம் குறையணும்னு கப்பலை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிணைச்சு வச்சாங்க. அங்க விழுந்தது முடிச்சு. இதுல எங்கயாவது ஒருத்தன் அம்பது பேரைத் தூக்கி எறியறானா? இல்லை. எல்லாம் பொறுமை, உளவு, வானிலை.

என் அப்பாவோட இந்தப் படத்தைப் பாத்திருக்கேன். அவர் தூத்துக்குடிப் பக்கம் காலம் பூரா வள்ளத்துல போனவர், சப்டைட்டில் படிக்க மாட்டார், மொழியும் புரியாது. முதல் பாகம் முழுக்க அரைத்தூக்கம். சோவ் யூவோட கூட்டாளி லியூ பெய்யோட கைக்குழந்தையைத் துணியில கட்டிட்டு, அவரோட வீரன் ஜாவ் யுன் குதிரையில பறக்கிற காட்சியிலகூட, “நல்லா ஓட்டுறான்”னு சொல்லிட்டு மறுபடி கண்ணை மூடிட்டார். ரெண்டாம் பாகத்துல கப்பலைச் சங்கிலி போட்டுப் பிணைச்சதைக் காட்டினதும் எழுந்து உட்கார்ந்தார். “ஏல, கட்டிப்போட்ட வள்ளத்துல தீ வந்தா எங்கல போவான்?” அதுக்கப்புறம் அசையலை. கொடி திரும்புற காட்சி வந்தப்ப அவர்தான் முதல்ல பாத்தார், நான் பாக்கலை. “வாடைக்காலத்துல சோழகம் வரும்னு நம்பி எறங்கிட்டாம் பாரு. வரலேன்னா அவன் பொழப்பு நாறியிருக்கும்.” சீன வரலாறு தெரியாத மனுஷன். ஜான் வூ யாருன்னே தெரியாது. காத்து தெரியும். அவருக்கு அந்தத் தேநீர்க் காட்சி ஒரு நிமிஷம்கூட நீளமாத் தெரியலை. ‘ஸ்லோவா போகுது, நம்ம ஆளுங்களுக்குச் செட் ஆகாது’ன்னு நேத்து கமெண்ட் போட்டவரே, நம்ம ஆளுங்கன்னு நீங்க சொல்றது யாரை?

இப்ப எதிர்வாதங்களுக்கு வரேன். ஏன்னா இன்பாக்ஸ்ல வந்து கொட்டிட்டீங்க.

‘வரலாறு தப்பு’ன்னு ஒருத்தர் நீட்டமா எழுதியிருக்கார். சரிங்கய்யா. வைக்கோல் கட்டின படகை மூடுபனியில அனுப்பி எதிரியோட அம்பை வாங்கிட்டு வர்றது ‘த்ரீ கிங்டம்ஸ்’ நாவல் சரக்குதான். மூணாம் நூற்றாண்டுல சென் ஷோ எழுதின வரலாற்றுல, தீ வைக்கலாம்னு யோசனை சொன்னதும், சரணடையறேன்னு பொய்க்கடிதம் விட்டதும் ஹுவாங் காய்ங்கிற தளபதி. பதினாலாம் நூற்றாண்டுல அந்த நாவல் வந்துதான் லியூ பெய்யோட ஆலோசகர் ஜூகே லியாங்கை மேடை போட்டுக் காத்தை வரவழைக்கிற மந்திரவாதி ஆக்குச்சு. படத்துல அவர் வெறும் வானம் பாக்கத் தெரிஞ்ச ஆள். நாவல் ஓரங்கட்டின சோவ் யூவுக்கு இந்தப் படம் நடு இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கு. அந்த வகையில நாவலைவிடப் படம்தான் வரலாற்றுக்குக் கிட்ட. இதைச் சொன்னா நாலு பேருக்கு ஆகாது, பரவாயில்லை.

‘சீனாக்காரன் படத்துக்கு எதுக்கு இவ்வளவு வக்காலத்து’ன்னு கேட்டவருக்குப் பதில் கிடையாது. உங்க கையில இருக்கிற போனைத் திருப்பிப் பாருங்க, போதும்.

‘இதைவிட நம்ம படத்துல பிரம்மாண்டம் இருக்கு’. இருக்கட்டும், நான் எப்ப இல்லைன்னேன்? முதல் பாகத்துல அந்த ஆமை ஓட்டு வியூகம் வருதே, அதை நிதானமா பாருங்க. கேடயத்துக்குப் பின்னாடி கேடயம், சந்து சந்தா வழி. சோவ் யூ தலைவனோட தங்கச்சி சுன் ஷாங்சியாங் பெண் குதிரைப்படையோட போய் எதிரியைச் சீண்டி உள்ள இழுத்துட்டு வர்றா. புழுதி. உள்ள வந்தவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். குதிரைக்காலுக்குக் கயிறு, சந்துல ஈட்டி. மேல இருந்து காட்டும்போது கோலம் மாதிரி புரியுது, கீழ இறங்கினா உள்ள மாட்டினவனுக்குப் புரியாத மாதிரியே நமக்கும் புரியலை. யார் எங்க நிக்கிறான், எதுக்கு நிக்கிறான்னு தெரியற போர்க்காட்சி எத்தனை படத்துல இருக்கு? ஆயிரம் பேரை கிராஃபிக்ஸ்ல பெருக்கிட்டா போர் ஆயிடுமா?

நீளம்னு சொல்றீங்க. ஆமாம், ரெண்டு பாகமும் சேர்த்து நாலே முக்கால் மணி நேரம் வரும். மேற்கு நாடுகளுக்கு அதை ரெண்டரை மணி நேரமா வெட்டித்தான் அனுப்பினாங்க. அவங்களுக்குப் பேர் மனசுல நிக்காதாம், பொறுமை இருக்காதாம். நமக்கு விடிய விடிய பாரதக்கூத்து பாத்த ஊர்னு பெருமை வேற. கையில முழுப் படம் இருந்தும் நாமளே வெட்டிக்கிறோம்.

இன்னொண்ணு. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். 2008 ஜூன்ல அந்தக் கப்பல் தீக்காட்சி எடுக்கும்போது நிஜமாவே விபத்து நடந்துச்சு. சண்டைக் கலைஞர் ஒருத்தர் செத்துப்போனார். 23 வயசு. ஆறு பேருக்குக் காயம். ஞாயித்துக்கிழமை அந்தத் தீ வந்தப்ப மாடியில விசில் பறந்துச்சு, “எத்தனை பேர் விழுறான் பாரு”ன்னு ஒரு குரல். நான் விசில் அடிக்கக் கூடாதுன்னு சொல்லலை, நானும் விசில் அடிச்சு வளர்ந்தவன்தான். ஆனா அதுல விழுறவன் ஒவ்வொருத்தனையும் யாருன்னு நமக்குச் சொல்லத்தான் ஜான் வூ அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டார். சுன் ஷாங்சியாங் ஆண் வேஷத்துல எதிரி முகாமுக்குள்ள போறா. அங்க பந்து விளையாடற ஒரு வெள்ளந்திப் பையன் இவளை நண்பன்னு நினைச்சு ஒட்டிக்கிறான். அவன் பக்கத்துலயே இருந்துகிட்டு, முகாமோட வரைபடத்தைத் துணியில வரைஞ்சு உடம்புல சுத்திட்டு வந்துடறா. திரும்பி வந்து தளபதிங்க முன்னாடி அதைச் சுத்திச் சுத்தி அவிழ்க்கிற காட்சிக்கு மாடியில சிரிச்சீங்க, அது சிரிக்க வேண்டிய காட்சிதான். அந்த வரைபடத்தாலதான் அந்தப் பையன் இருந்த முகாம் எரியுது. கடைசியில அவ கண்ணு முன்னாடியே சாவான். இவ அழுவா. பந்தாட்டத்தையும் ஓட்டி விட்டுட்டு, “இந்தப் பொண்ணு எதுக்கு எதிரிக்கு அழுவுது”ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?

அந்தப் பையனோட சாவு போர்க்காட்சி இல்லையா? போருக்கு முந்தி ராத்திரி வீரனுங்க ஆளுக்கு ஒரு கொழுக்கட்டையைத் தன் கிண்ணத்துல இருந்து எடுத்து சோவ் யூ கிண்ணத்துல போடுவாங்களே, அது இல்லையா? எருமையைத் திருடினவனைக் காட்டிக்கொடுக்காம, எல்லாரையும் சேத்துல ஓட விட்டு எல்லார் காலையும் ஒரே மாதிரி ஆக்குவாரே, அது? அப்படி ஒரு தளபதிக்காகத்தான் 30,000 பேர் சாகத் தயாரா நிக்கிறான். இதெல்லாம் சென்டிமென்ட்டாம். கத்தி சுத்தறது மட்டும் போராம்.

குறை இல்லாத படம்னு நான் சொல்லலை. புறா கொஞ்சம் அதிகம். கடைசியில வில்லனைப் பிடிச்சு வச்சு வசனம் பேசி அனுப்பறது எனக்கும் உறுத்தல்தான். ஆனா உறுத்தலைச் சொல்றதுக்கு முதல்ல படத்தைப் பாத்திருக்கணும்ல?

‘ஒரு படத்துக்காக நட்பை முறிச்சிட்டான்’னு யாரோ போட்டிருக்காங்க. நான் ஒண்ணையும் முறிக்கலை. எழுந்து வந்தப்ப ஒருத்தராவது “ஏன் போறே”ன்னு கேட்பீங்கன்னு படி இறங்கற வரைக்கும் எதிர்பாத்தேன், அவ்வளவுதான். குழுவை விட்டும் வெளியேறலை. சத்தத்தை மட்டும் அணைச்சு வச்சிருக்கேன். அடுத்த மாசம் சந்தா எவ்வளவுன்னு யாராவது தனியா மெசேஜ் பண்ணுங்க.